சக்கரம் சொன்ன சாட்சி

கடல் கடந்து பொருளீட்டச் சென்றவர்களின் இல்லங்கள் நிறைந்த நம் கடற்கரை ஊர்களில் வழக்கமாகக் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. வாசலிலோ, தோட்டத்துத் தகரக் கொட்டகையிலோ உறை போர்த்திய கார் ஒன்று நின்றுகொண்டிருக்கும். விடுமுறையில் மகன் வரும்போது அது ஓடும். திருமணம், ஜனாஸா, மருத்துவமனை என்று குடும்பத்திற்கு ஒரு தேவை நேரும்போது ஓடும். மற்ற நாட்களில் வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கியபடி நிற்கும். ஆண்டுகள் பல கழிந்தாலும் அது ஓடிய தூரம் குறைவாகவே இருக்கும். "அதிகம் ஓடாத கார், புதிது போலத்தான்" என்று வீட்டார் பெருமையாகச் சொல்லிக்கொள்வர்.

ஓடாத காரணத்தினாலேயே ஒரு பொருள் புதிதாக இருந்துவிடுவதில்லை. அதுபோலவே, ஒரு குறை தோன்றும்போது அதன் காரணத்தைத் தேடுவதற்கும், அதை எளிய மனிதர் ஒருவரின் தலையில் சுமத்துவதற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. இவ்விரண்டையும் என் தங்கை வீட்டுக் கார் எனக்கு நன்கு உணர்த்திற்று. அதனை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கார் வைத்திருப்போர்க்கு இதில் பயனுள்ள செய்திகள் சில உண்டு. கார் இல்லாதோர்க்கும் ஒன்று உண்டு.

ஆட்டமும் ஐயமும்

என் தங்கையின் கணவர் துபாயில் பணியாற்றுகிறார். அவர் 2017-ஆம் ஆண்டு வாங்கிய கார், காயல்பட்டினத்தில் உள்ள அவர் இல்லத்தில் இருக்கிறது. ஏழாண்டுகளில் அது ஓடிய தூரம் 40,000 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கின்போது மாதக்கணக்கில் இடம்விட்டு அசையாமல் நின்றது. அவருடைய தாயார், நான் மாமி என்று அழைக்கும் மூதாட்டி, முதுகெலும்பில் அறுவை செய்துகொண்டவர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவரை மதுரைக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டிவர வேண்டும். போகும் தூரம் மட்டுமே 150 கிலோமீட்டருக்கு மேல். தூத்துக்குடி வரை ஊர்களின் ஊடே செல்லும் சாலை. அதன்பின் எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் போகும் நான்குவழி நெடுஞ்சாலை. இதற்காகவே 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆறுமுகநேரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஓட்டுநராக அமர்த்தப்பட்டார். தந்தையை இழந்தவர், இரு தங்கைகளின் படிப்பு அவர் சம்பளத்தை நம்பியிருந்தது.

தூத்துக்குடியைத் தாண்டும்வரை கார் அமைதியாகவே செல்லும். நெடுஞ்சாலையில் ஏறி, வேகமானி 80-ஐத் தொட்டதும் பின் இருக்கையின் அடியில் ஒரு நடுக்கம் எழும். 90-ஐ நெருங்கும்போது, அரைவை ஆலையின் தரையில் அமர்ந்திருப்பது போல இருக்கை முழுவதும் அதிரும். வேகத்தை 70-க்குக் குறைத்தால் நடுக்கம் அடங்கிவிடும். அறுவை கண்ட முதுகிற்கு இஃது எத்தகைய துன்பம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்து திரும்பிய இரவுகளில் மாமிக்கு உறக்கம் இருப்பதில்லை.

ஒரு பட்டறையில் காட்டினர். பின்பக்கத்து ஷாக் அப்ஸார்பர் இரண்டையும் மாற்றினார்கள், நடுக்கம் போகவில்லை. மற்றொரு பட்டறையில் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை மாற்றினார்கள்; முன்சக்கரங்கள் இரண்டையும் பாலன்ஸ் செய்தார்கள்; நடுக்கம் போகவில்லை. கழற்றப்பட்ட உதிரிப்பாகங்கள் ஒரு சாக்கில் கட்டப்பட்டு வீட்டுத் திண்ணையில் கிடந்தன. அவற்றுள் எது கெட்டிருந்தது, எது நன்றாக இருந்தது என்பதை எவராலும் கூற இயலவில்லை.

காரில் காரணம் கிடைக்காதபோது மனிதரிடம் காரணம் தேடும் வேலை தொடங்கிற்று. பட்டறையில் ஒருவர், "எங்கேயாவது பள்ளத்தில் வேகமாக விட்டிருப்பாங்க" என்று பொதுவாகச் சொன்னார். அச்சொல் வீட்டிற்கு வந்தபோது "பள்ளத்தில் விட்டிருக்கிறாராம்" என்றாயிற்று. துபாய் சென்று சேர்ந்தபோதோ, "பள்ளத்தில் விட்டுவிட்டு மறைத்துவிட்டார்" என்று உறுதியான குற்றமாகவே மாறிவிட்டது. மைத்துனர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான், உம்மா வலியால் துடிக்கிறார்கள். அந்தப் பையன் வண்டியை எங்கேயோ போட்டு அடித்திருக்கிறான். இந்த மாதச் சம்பளத்தோடு கணக்கை முடித்துவிடுங்கள்."

தாயின் வலியைத் தொலைவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மகனின் சினம் அது. அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. "முடிப்பதாயினும் ஒரு வாரம் பொறுங்கள், மச்சான். குற்றம் என்னவென்று தெரிந்துகொண்டு முடிப்போம்" என்றேன். அவர் அரைமனதோடு இசைந்தார்.

திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை நாம் அடிக்கடி ஓதுகிறோம். ஒரு செய்தி வந்தால் அதனைத் தீர விசாரித்துக் கொள்ள வேண்டும், இல்லையேல் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று அது எச்சரிக்கிறது. ஐயங்களுள் பலவற்றை விலக்கிக்கொள்ளுமாறும் அதே அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. இந்த அறிவுரைகளை அரசியலுக்கும் ஊர்ப் பஞ்சாயத்திற்கும் உரியவையாக எண்ணுகிறோம். நம் வீட்டில் மாதச் சம்பளத்திற்கு வேலை செய்பவர் விஷயத்தில் அவை நினைவிற்கு வருவது அரிது.

கேட்கப்பட வேண்டியவர்கள்

இளமையில் தூத்துக்குடியில் ஒரு லாரிப் பட்டறையில் நான் சில ஆண்டுகள் கணக்கெழுதியவன். ஸ்பானர் பிடித்து வேலை செய்தவனல்லேன். ஆனால் அங்கிருந்த தலைமை மெக்கானிக்கின் பழக்கம் ஒன்று என் மனத்தில் பதிந்திருந்தது. எந்த லாரி வந்தாலும் அவர் முதலில் கருவிப் பெட்டியைத் திறக்கமாட்டார். டிரைவருக்குத் தேநீர் வரவழைப்பார். எந்த வேகத்தில் வருகிறது? ஏற்றத்திலா, இறக்கத்திலா? பிரேக் மிதிக்கும்போதா, மிதிக்காதபோதா? கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? என்று முதல் வந்தது? அதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்? இப்படிக் கேட்டுக்கொண்டே போவார். தேநீர் முடிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

அதே வினாக்களை நான் அந்த இளைஞரிடம் கேட்டேன். இதுவரை தம்மிடம் எவரும் எதையும் கேட்டிராத வியப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"நான் வேலைக்கு வந்த முதல் சவாரியிலேயே இருந்தது, ஐயா. வீட்டில் சொன்னேன். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், மெதுவாகப் போ என்றார்கள். ஸ்டீயரிங்கில் ஒன்றும் இல்லை. பின்னால்தான் வருகிறது."

அடுத்ததாக, பின்னிருக்கையிலேயே பயணம் செய்பவரான மாமியிடம் சென்றேன். நடுக்கத்தால் துன்புறுபவர் அவரே. எனினும் அவரிடம் வலியைக் கேட்டவர்கள் உண்டேயன்றி நடுக்கத்தைக் கேட்டவர் இலர்.

"இடது பக்கம் உட்கார்ந்தால்தான் அதிகமாகத் தெரியும், வாப்பா. அதனால் நான் வலது பக்கம் மாறி உட்கார்ந்துகொள்வேன்" என்றார். எப்போதிருந்து என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "மகனை வழியனுப்ப மதுரை விமான நிலையத்திற்குப் போனோமே, அன்றைக்கே இருந்தது. பயணம் போகிற பிள்ளையிடம் வண்டி ஆடுகிறது, முதுகு வலிக்கிறது என்று சொல்வார்களா? பேசாமல் இருந்துவிட்டேன்."

மைத்துனர் விடுமுறை முடிந்து திரும்பியது 2023 நவம்பரில். இளைஞர் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு. அன்று காரை ஓட்டிச் சென்றவரோ மைத்துனரே. முன்னிருக்கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவர் கைக்கு எதுவும் தெரியவில்லை; பின்னால் அமர்ந்திருந்த தாய்க்குத் தெரிந்தது. பள்ளத்தில் விட்டதாகச் சொல்லப்பட்ட குற்றம் இவ்வளவிலேயே உதிர்ந்துபோயிற்று. ஆனால் நடுக்கம் அப்படியே இருந்தது; அதன் காரணத்தைக் கண்டால்தான் மாமிக்கும் நிம்மதி, இளைஞருக்கும் முழு விடுதலை.

நெடுஞ்சாலையில் நான்கு சோதனைகள்

மறுநாள் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின், போக்குவரத்துக் குறைந்த நேரத்தில் நானும் அவரும் மட்டும் புறப்பட்டோம். புறப்படுமுன் சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, காற்று அளவாக இருக்கிறதா, டயர்களின் பக்கச் சுவரில் வீக்கமோ வெடிப்போ தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டோம். நட்டு தளர்ந்திருந்தாலோ வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தாலோ அந்தச் சக்கரத்தோடு வேகமாக ஓட்டவே கூடாது. அங்கேயே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். எங்கள் கண்ணுக்கு அப்போது எதுவும் தெரியவில்லை.

ஓடும் கார் அதிர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால், விலக்க முடியாதது எஞ்சி நிற்கும். இதுவே சோதனையின் தத்துவம்.

முதலாவது, அதிர்வு என்ஜினைச் சார்ந்ததா, சாலை வேகத்தைச் சார்ந்ததா என்பது. 85 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாம் கியரில் ஓட்டச் செய்தேன். பின் வேகத்தை மாற்றாமல் நான்காம் கியருக்கு வரச் சொன்னேன். என்ஜின் முன்னிலும் விரைவாகச் சுழன்றது; நடுக்கமோ மாறவில்லை. ஆகவே என்ஜினுக்கும் அதன் மவுண்டுகளுக்கும் இதில் பங்கில்லை.

இரண்டாவது, இழுவை. முன்சக்கரங்கள் இழுக்கும் இத்தகைய கார்களில், ஆக்ஸிலின் உட்புற மூட்டு தேய்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வேகமெடுக்கும்போது அதிர்வு மிகும். காலை எடுத்ததும் குறையும். காலை அழுத்தியும் எடுத்தும் பார்த்தோம். வேறுபாடில்லை.

மூன்றாவது, பிரேக். பிரேக் டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறியிருந்தால், மிதிக்கும்போது மட்டும் பெடலும் ஸ்டீயரிங்கும் துடிக்கும். பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து மெல்ல மிதிக்கச் சொன்னேன். வேகம் குறைந்தது, புதிய துடிப்பு எதுவும் எழவில்லை.

நான்காவது, இடம். முன்சக்கரத்தில் குறையிருந்தால் பெரும்பாலும் அது ஸ்டீயரிங்கில் தெரியும். பின்சக்கரத்தில் இருந்தால் இருக்கையிலும் தரையிலும் தெரியும். ஸ்டீயரிங் அசையாதிருந்தது. நான் பின்னால் வலப்புறம் அமர்ந்தும் இடப்புறம் அமர்ந்தும் பார்த்தேன். பாதி நீருள்ள புட்டி ஒன்றைத் தரையில் இருபுறமும் மாற்றி மாற்றி வைத்தேன். இடப்புறம் வைத்தபோது நீரின் மேற்பரப்பு கூடுதலாக நடுங்கிற்று. மாமி சொன்னது முற்றிலும் சரி.

இனித் தேட வேண்டியது முழுக் காரன்று. இடப்பக்கத்துப் பின்சக்கரம் ஒன்றே.

ஏன் 80-க்கு மேல் மட்டும் இந்த நடுக்கம்? இவ்வளவு கார்டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு 25 மீட்டர் செல்கிறது. ஆகவே சக்கரம் ஒரு வினாடியில் 13 முறை அளவில் சுழல்கிறது. அதன் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் கூடுதலாக இருந்தாலும், அவ்வேகத்தில் அது ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ எடைக்குச் சமமான விசையோடு வினாடிக்கு 13 முறை மேலும் கீழும் இழுக்கும். வேகம் பாதியாகி 45-க்கு வந்தால் விசை பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகி, ஒரு கிலோவிற்கும் கீழே போய்விடும். ஊருக்குள் நடுக்கம் தெரியாததன் காரணம் இதுவே. அன்றியும், ஸ்பிரிங்கில் தொங்கும் சக்கரத் தொகுதிக்கு இயல்பாகவே ஒரு துள்ளல் உண்டு. பெரும்பாலான கார்களில் அது வினாடிக்கு 10 முதல் 15 முறை வரை இருக்கும். சக்கரத்தின் சுழற்சி அந்தத் துள்ளலோடு ஒத்துவரும் வேகத்தில், ஊஞ்சலைத் தக்க நேரத்தில் தள்ளிவிடுவது போல, சிறு விசையும் பெரிய ஆட்டமாகிவிடும்.

அல்ஜஸரியின் கைத்திறன்

அங்கிருந்து தூத்துக்குடியில் ஒரு டயர்க் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் முதியவர், அவசரமில்லாதவர். சக்கரத்தைக் கழற்றி பாலன்ஸ் இயந்திரத்தில் ஏற்றினார். அது வெறும் 15 கிராம் பேதத்தையே காட்டிற்று. "இதற்கா இந்த ஆட்டம்?" என்று அவரே ஐயுற்றார்.

சக்கரத்தைச் சமன் செய்யும் கலை மோட்டார் காலத்தில் பிறந்ததன்று. இன்று துருக்கியில் தியார்பக்கிர் என்று வழங்கும் ஊரில், அர்த்துகிய மன்னர்களின் அவையில் பணிபுரிந்த பேரறிஞர் அல்ஜஸரி, 1206-ஆம் ஆண்டில் நிறைவு செய்த தம் நூலில் ஐம்பது இயந்திர அமைப்புகளை விளக்கியிருக்கிறார். டொனால்டு ஹில் என்ற ஆங்கில அறிஞர் அதனை 1974-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சக்கரங்களின் ஒரு பக்கம் கனத்துவிடாதபடி சமன் செய்யும் முறை அந்நூலில் இடம்பெற்றிருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். அந்நூலின் அரபுப் பெயரிலேயே இல்மும் அமலும் இணைந்திருக்கின்றன. அறிவையும் பயன்தரும் செயலையும் ஒன்றுசேர்ப்பது என்பது அதன் கருத்து.

அச்சில் தொங்கவிட்ட சக்கரத்தில் கனமான பக்கம் தானே கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் எடை சேர்த்தால் சமனாகும். நிலையாக நிறுத்திப் பார்க்கும் சமன் இது. விரைந்து சுழலும் அகலமான கார்ச் சக்கரத்திற்கு இது போதாது. உள்விளிம்பும் வெளிவிளிம்பும் தனித்தனியே சமனாக வேண்டும். அதற்காகவே இன்றைய இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, எந்த விளிம்பில் எத்தனை கிராம் ஒட்ட வேண்டும் என்று காட்டுகிறது. ஆயினும் அந்த இயந்திரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அது எடையின் சமனைச் சொல்லும். டயர் வட்டமாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது. எடை சமனான ஒரு முட்டையும் உருளும்போது குலுங்கத்தான் செய்யும்.

கடைக்காரர் சக்கரத்தை மீண்டும் காரில் பூட்டினார். முன்சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தினார். தரையில் செங்கற்களை அடுக்கி, அதன்மேல் ஒரு திருப்புளியை, அதன் முனை டயரின் ஓடுபரப்பைத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் நிற்குமாறு வைத்தார். பிறகு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினார். முக்கால் சுற்று வரை இடைவெளி மாறவில்லை. அடுத்து ஓரிடத்தில் டயர் புடைத்து வந்து திருப்புளியைத் தட்டித் தள்ளிற்று. மறுபடி சுழற்றினார், அதே இடத்தில் மறுபடி தட்டிற்று. என் கையைப் பிடித்து அவ்விடத்தில் வைத்தார். ஓடுபரப்பு மூன்று நான்கு மில்லிமீட்டர் மேலெழுந்திருந்ததை உள்ளங்கை உணர்ந்தது.

டயரைக் கழற்றி, அதன் பக்கச் சுவரில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3117. முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் அது. புடைத்த இடத்தைக் கத்தியால் அறுத்துப் பிளந்தார். ரப்பரின் கீழே பட்டையாக ஓடும் எஃகுக் கம்பிகளுக்கும் மேலுள்ள ரப்பருக்கும் இடையில் பிடிப்பு அற்றுப்போய், விரல்நுனி நுழையும் அளவிற்கு வெற்றிடம் இருந்தது. கம்பிகளில் துரு படர்ந்திருந்தது.

"பட்டனெல்லாம் ஆழமாக, புதிது மாதிரி இருக்கு. அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ஓடித் தேயவில்லை, நின்றே கெட்டுப்போச்சு" என்றார். பிறகு வெறும் ரிம்மை இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றினார். அஃது ஆடாமல் அசையாமல் சுழன்றது. "பள்ளத்தில் விழுந்து அடிபட்டிருந்தால் இதில் நெளிவு தெரியுமே. ஒன்றுமில்லை" என்றார். நான் கேட்காமலேயே அவர் சொன்ன அச்சொல்லை, அருகில் நின்ற இளைஞர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிடிப்பு அற்ற அந்த ஓடுபரப்பு ஒருநாள் வேகத்தில் உரிந்து பறந்திருக்கக்கூடும். டயர் வெடித்தும் இருக்கலாம். 90 கிலோமீட்டர் வேகத்தில், பின்னிருக்கையில் மாமி அமர்ந்திருக்கும்போது அது நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்கிற்று. ஓட்டுநரை மட்டும் மாற்றிவிட்டு, காரணம் தீர்ந்தது என்று அமைந்திருந்தால், அடுத்த பயணத்தில் புதிய ஓட்டுநர் அதே டயரோடு அல்லவா புறப்பட்டிருப்பார்!

நான்கு டயர்களும் ஒரே காலத்தவை என்பதால் நான்கையும் மாற்றினோம். ஹப்பின் முகத்தில் உப்புக் காற்றால் படிந்திருந்த துருவைத் தேய்த்து நீக்கினர். அது மண்டிக் கிடந்தால் ரிம் சரியாகப் பதியாது. நான்கு சக்கரங்களையும் பாலன்ஸ் செய்து, நட்டுகளை எதிரெதிராக முறைப்படி இறுக்கினர். அன்று மாலையே நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். புட்டியின் நீர் அசையாதிருந்தது.

நிற்கும் காருக்குச் சில கடமைகள்

வெளிநாட்டிலிருப்போரின் வீடுகளுக்காக இதனைச் சொல்கிறேன். டயருக்கு ஓட்டத்தால் மட்டும் வயதாவதில்லை. வெப்பத்தாலும் காற்றுக் குறைவாலும் காலத்தாலும் வயதாகிறது. ரப்பர் மெல்ல மெல்ல இறுகி, தன் பிடிப்பை இழக்கிறது. காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது அதிகமாக மடங்கி நிமிர்வதால் உள்ளே சூடேறி மேலும் பலவீனப்படுகிறது. ஆகவே நிற்கும் காரின் காற்றை இரு வாரங்களுக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். நிழலில் நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறை சற்றுத் தூரம் ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் பல நாள் நின்றால் தரையைத் தொடும் பகுதி தட்டையாகும். நான்கு இலக்கத் தேதியைப் படித்துக் குறித்து வைத்துக்கொள்வது நன்று. ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்ட வேண்டும். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்தாண்டிற்கு மேல் வைத்திருத்தல் கூடாது. பின்பக்கப் பெட்டியில் உறங்கும் உபரிச் சக்கரத்திற்கும் இதே கணக்குத்தான்.

அதிர்வு தோன்றினால், பாகங்களை மாற்றுவதற்கு முன் வினாக்களைக் கேளுங்கள். எந்த வேகத்தில், எந்த நிலையில், எந்த இடத்தில் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், ஒரு சாக்கு உதிரிப்பாகங்களின் விலை மிச்சமாகும்.

சக்கரத்தின் சாட்சியம்

அன்று இரவு மைத்துனரிடம் நடந்தவை அனைத்தையும் சொன்னேன். அறுக்கப்பட்ட டயரின் படத்தையும் அனுப்பியிருந்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. விமான நிலையப் பயணத்தில் தம் தாயார் வலியை மறைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார் என்பதே அவரை மிகவும் தாக்கியிருக்க வேண்டும். பின்னர், "மச்சான், அந்தத் தம்பியிடம் போனைக் கொடுங்கள்" என்றார். காலையில் 'பையன்' என்று குறிப்பிடப்பட்டவர் இரவில் 'தம்பி' ஆகியிருந்தார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவர்களுக்கு உரியது. இளைஞர் இன்றும் அவ்வீட்டிலேயே பணியாற்றுகிறார்.

அந்த வாரம் முழுவதும் எண்ணிப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. காரணத்தை அறிந்திருந்தவர்கள் இருவர்: பின்னால் அமர்ந்த முதியவர் ஒருவர், முன்னால் அமர்ந்த ஓட்டுநர் ஒருவர். முதியவர் தம் பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று பேசவில்லை. ஓட்டுநர் பேசினார், அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. நம் வீடுகளில் நேரும் பல துன்பங்களுக்கும் இதுவே நிலை. பிள்ளைகளின் வாழ்வில் ஏற்படும் முறிவாயினும், பணத்தின் இழப்பாயினும், பொருள் காணாமல் போவதாயினும், முதலில் நம் ஐயம் போய் நிற்பது எதிர்த்துப் பேச இயலாதவரின் வாசலில்தான். வேலைக்காரப் பெண், தோட்டக்காரர், ஓட்டுநர், வீட்டிற்கு வந்த மருமகள் என்று அந்த வரிசை நீளும். அவர்களைக் கேட்பதற்கு ஒரு தேநீரின் நேரம் போதும்.

சக்கரம் தன்னைக் கையால் சுழற்றியவருக்கு, தன் குறை இருந்த இடத்தைத் தானே தட்டிக் காட்டிற்று. மனிதருக்கு அந்த வாய்ப்பை நாம்தான் அளிக்க வேண்டும். தீர விசாரிக்கும் பொறுமையையும், விசாரித்தபின் விடுவிக்கும் நேர்மையையும் வல்ல இறைவன் நம் இல்லங்களுக்கு அருள்வானாக!